ஆய்வு செய்யப்பட்ட ஊருக்கு ஆய்வு திரும்பி வந்ததா?

இருவேல்பட்டு என்ற ஊர்ப் பெயரை நம்மில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட மக்கள் அங்கே சாலையை மறித்தார்கள். பார்க்கப் போன அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. சில நாட்கள் தொலைக்காட்சிகளில் அந்தப் பெயர் ஓடியது. பிறகு மறந்துபோனோம்.

பொருளாதாரமும் சமூகவியலும் படிக்கிறவர்களுக்கோ இருவேல்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் பழகிய பெயர். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். அப்படி ஆராயப்பட்டவற்றில் ஒன்று அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. 1918இல் அது நூலாக வந்தது. 1936-37இல் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி அங்கே போனார்கள். அவர்களது கட்டுரை 2010இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வந்தது.

யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது, படியாள் எப்படிக் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார், கூலி எவ்வளவு, பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, உழைக்கும் மக்கள் விவசாயக் கூலியை விட்டு வெளி வேலைகளுக்கு எப்படி நகர்ந்தார்கள் என்று ஒரு நூற்றாண்டே இந்த ஆய்வுகளில் இருக்கிறது. ஜமீன் குடும்பத்துக்கு வம்சாவளி இருக்கும். கோயிலுக்குத் தல வரலாறு இருக்கும். சேரிக்கு என்ன இருக்கிறது? அப்படிப் பார்த்தால் ஒரு சேரியின் நூறு ஆண்டுக் கதை எழுத்தில் இருப்பது நம் நாட்டில் பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஐந்து ஆய்வுகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பல்கலைக்கழக நூலகங்களிலும், சந்தா கட்டினால் திறக்கிற தளங்களிலும் இருப்பவை. 1916இல் படியாளாக இருந்தவரின் கொள்ளுப் பேத்தி இன்று கல்லூரியில் படிக்கலாம். தன் கொள்ளுத் தாத்தா எந்தக் கடனுக்காக யார் வீட்டில் கட்டுப்பட்டுக் கிடந்தார் என்பது அச்சில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்? அது யாருடைய வேலை?

நான் இதை அந்த ஆய்வாளர்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களில் பலர் உழைக்கும் மக்கள் பக்கம் நின்று எழுதியவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தத் தகவல்களே இல்லை. நான் கேட்பது நிறுவனங்களைப் பார்த்து. ஊரிலிருந்து தகவலை எடுத்துவர கேள்வித்தாள், நிதி, வழிகாட்டி, வண்டிச் செலவு என்று பல்கலைக்கழகத்தில் எல்லா ஏற்பாடும் உண்டு. எடுத்ததை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஒரு வட்டார ஆய்வு மையம் நல்ல மையமா என்பதை அது வெளியிட்ட கட்டுரைகளை எண்ணிச் சொல்ல முடியாது. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் அதைப் படிக்க முடிகிறதா, இது தவறு என்று சொல்ல முடிகிறதா, தங்கள் உரிமைக்கு ஆதாரமாக எடுத்து நீட்ட முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

எந்த வட்டாரம்?

வட்டார ஆய்வு என்ற துறையே வேறொரு தேவையில் வளர்ந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. உலகின் பல மொழிகளும் பகுதிகளும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்ற பனிப்போர்க் கணக்கு அதன் பின்னால் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கவும் அந்த நிதி பயன்பட்டது. பிற்காலத்தில், இந்த நிதி பெறும் மையங்கள் தங்கள் அறிவைப் பள்ளி ஆசிரியர்களிடமும் பொதுமக்களிடமும் கொண்டுபோக வேண்டும் என்பதும் நிபந்தனையானது. அதாவது அமெரிக்க வரிப்பணத்தில் நம்மைப் பற்றிச் சேர்த்த அறிவு அமெரிக்க மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அங்கே விதி இருந்தது.

அதிலும் நமக்குப் பயன்பட்ட ஒரு முடிவு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து நூலகமாக்கியது. இன்று அங்கே போய் ஒரு பழைய இதழைப் புரட்டுகிற மாணவர் அமெரிக்க விசா வாங்க வேண்டியதில்லை. ஆவணம் எங்கே இருக்கிறது என்பதே அதை யார் படிக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் வட்டார ஆய்வு என்ற பெயரில் வந்த துறைகள் பெரும்பாலும் வெளிநாட்டையே பார்த்தன. டெல்லி பல்கலைக்கழகத்தில் 1955இலேயே ஆப்பிரிக்க ஆய்வுத் துறை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கு மையம் இருக்கிறது. அவை வேண்டும்தான். ஆனால் பல்கலைக்கழக வாசலில் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சேரியும் ஒரு வட்டாரம்தானே?

தத்தெடுக்க இவர்கள் யார்?

கற்பித்தல், ஆய்வு இரண்டோடு விரிவாக்கப் பணியும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977இலேயே அறிவித்தது. இன்று நாக் தர மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் உண்டு. 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் ‘தத்தெடுக்கின்றன’.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்றோர் இல்லாத குழந்தையைத் தத்தெடுப்பார்கள். தன் உழைப்பில் ஊருக்கே சோறு போட்ட மக்களை ஒரு கல்லூரி எப்படித் தத்தெடுக்கும்? யார் பெரியவர், யார் சிறியவர் என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது.

நடப்பது என்னவென்று நமக்குத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் தெருவைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், சுகாதார விழிப்புணர்வுப் பேரணி போவார்கள், பேனர் பிடித்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் நாக் கோப்புக்குப் போய்விடும். கூட்டம் பெரும்பாலும் ஊர்க் கோயில் திடலில் நடக்கும். சேரி மக்கள் வந்தால் ஓரமாக நிற்பார்கள். ‘கிராம மக்கள் கலந்துகொண்டார்கள்’ என்று அறிக்கை சொல்லும். எந்த இடத்தில் கூட்டம் போடுகிறோம் என்பதே சாதிக் கேள்வி என்று அந்த அறிக்கை எழுதுகிறவருக்குத் தோன்றுவதில்லை.

ஸ்லேட்டரின் மாணவர்கள் கேள்வித்தாளோடு கிளம்பிய அதே 1916இல், அதே தென்னாற்காட்டில், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒருவர் நம்மை எண்ணிக் குறித்துக்கொள்ள ஆள் அனுப்பினார். இன்னொருவர் நாமே படித்துக் குறித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். பல்கலைக்கழகங்கள் விரிவாக்கப் பணி என்ற பெயரில் முதலாமவரிடமிருந்து இரண்டாமவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

நெய்வேலியில் இது ஏன் வாழ்வாதாரப் பிரச்சினை

பழைய தென்னாற்காடு 1993இல் பிரிந்தபோது இருவேல்பட்டு விழுப்புரத்தோடு போனது, நெய்வேலி கடலூரோடு நின்றது. நான் நெய்வேலி நகரியத்திலிருந்து எழுதுகிறேன். 1956இல் நிறுவனம் பதிவானது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்சாரம் வந்தது. இந்தக் கதையை நகரியத்துப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நகரியத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எண் உண்டு. சுரங்கத்துக்குள் போன ஊர்களின் பெயர்களை, அந்த ஊர்களில் இருந்த சேரிகளின் பெயர்களை, எந்தச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்?

இருவேல்பட்டுக்கு ஐந்து முறை போய் மறு ஆய்வு செய்ய முடிந்தது, ஏனென்றால் ஊர் அங்கேயே இருந்தது. சுரங்கம் தின்ற ஊருக்கு மறுபடி போக முடியாது. அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுதான் மிச்சம். அந்த வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இது வெறும் நினைவேக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நிலம் எடுக்கும்போது பேசப்படுவது பட்டா. இழப்பீட்டுப் பேச்சு நடப்பது பட்டாதாரரோடு. அந்த நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டவர், களை எடுத்தவர், ஏர் ஓட்டியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்குள் இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியபோது தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். ஆனால் அந்த வாரம் முழுவதும் நாம் கேட்டது நில உடைமையாளர்களின் குரலையும் கட்சித் தலைவர்களின் குரலையும்தான். அந்த வயலில் கூலிக்கு இறங்கியவர்கள் அடுத்த நடவுக்கு எங்கே போனார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதை விரிவாக வரையறுக்கிறது. நிலமே இல்லாவிட்டாலும், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் அதில் வருவார்கள். ஏட்டில் நல்ல வரையறை. ஆனால் மூன்று ஆண்டு வேலை செய்ததற்கு என்ன ரசீது காட்டுவது? தினக்கூலிக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்? எந்தச் சேரியிலிருந்து யார் எந்த வயலுக்குப் போனார்கள், கூலி எவ்வளவு, ஆண்டில் எத்தனை நாள் வேலை என்று ஒரு மையம் ஆண்டுதோறும் எழுதி வைத்திருந்தால், அதுவே அவர்களின் சீட்டு. ஸ்லேட்டரின் மாணவர் 1916இல் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். அதை அந்த மக்களின் கையில் கொடுக்காமல் போனதுதான் சிக்கல்.

2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை சுற்றுப்புறக் கிராமங்களில் நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதித்து, மக்களின் உடல்நலத்தைக் கேட்டறிந்து, அறிக்கை வெளியிட்டார்கள். அதன் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதைக் கையில் எடுத்தது. இரண்டு தன்னார்வ அமைப்புகள் ஒருமுறை செய்ததை, ஆய்வகமும் ஆளும் நிதியும் உள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் செய்து ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டினால் என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் வரலாறு நிலக்கரியோடு முடியவில்லை. முதனை ராஜாகண்ணு 1993இல் காவல் நிலையச் சித்திரவதையில் கொல்லப்பட்ட வழக்கை 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகுதான் நாடு பேசியது. 2003இல் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் சாதிக்காகக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021இல். அந்தத் தீர்ப்புகளைத் தமிழில் படிக்க, அந்த வழக்குகளை நடத்தியவர்கள் சொல்வதைக் கேட்க, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சினிமாவுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

பாளையங்கோட்டை செய்து காட்டியது

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வேன். அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறைந்தார். பிறகு பல பத்தாண்டுகள் தமிழக அறிவுலகம் அவரைப் பேசவில்லை. பழைய இதழ்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற இயக்கத்துக்காரர்கள். 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலை வெளியிட்டது.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் என்று எழுத்து தொடர்ந்தது. பௌத்தம், சாதி, தமிழ் வரலாறு பற்றி நாம் இன்று பேசுகிற பேச்சே மாறியது. கருத்தரங்கு அறைக்குள் மட்டும் நிற்காமல் வாசிப்பு வட்டங்களுக்கும் மேடைகளுக்கும் வந்தது. ஒரு கல்லூரி மையம் செய்தது மூன்று காரியம்தான்: இயக்கத்துக்காரர்கள் காத்து வைத்ததை மதித்தது, தமிழிலேயே வெளியிட்டது, அந்த மக்களே தங்களுக்கு அதை விளக்கிக்கொள்ள விட்டது. இதைவிடப் பெரிய விரிவாக்கப் பணியை நான் அறியேன்.

நம் மாவட்டத்துக்காரரான எல். இளையபெருமாளையும் இங்கே சொல்ல வேண்டும். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்கு அவர் தலைவர். 1969இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதையும் அடிப்படையாகக் கொண்டுதான் தமிழ்நாடு அரசு 1971இல் சட்டத்தைத் திருத்தியது. ஒடுக்கப்பட்டவர் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்தால் ஆய்வறிக்கை சட்டமாகிறது என்பதற்கு இதுவே சான்று.

நாம் கேட்பது

1929இல் தொடங்கி, 2013 முதல் அரசின் கையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. நிலக்கரிப் படுகையையும் பழைய தென்னாற்காட்டையும் பற்றிய ஒரு வட்டார ஆய்வு மையத்தை அரசு அங்கே அமைக்கட்டும். பெயரும் கட்டடமும் மட்டும் போதாது. அதன் விதிகளில் நான்கு விஷயங்கள் எழுதப்பட வேண்டும்.

முதலாவது, மொழி. இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வுக்கும் இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம். அதை ஆய்வு செய்த இடத்திலேயே படித்துக் காட்ட வேண்டும். கூட்டம் சேரியில் நடக்க வேண்டும், ஊர்க்காரர்கள் அங்கே வரட்டும். ஆய்வேட்டை சோத்கங்காவில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்பது போதாது.

இரண்டாவது, மறுப்புரிமை. ‘எங்களைப் பற்றி இப்படி எழுதியது தவறு’ என்று மக்கள் சொன்னால் அது ஆய்வேட்டோடு சேர்த்து அச்சாக வேண்டும்.

மூன்றாவது, ஆவணம் இங்கேயே இருக்க வேண்டும். நில எடுப்பு அறிவிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், முதியவர்களின் வாய்மொழிப் பதிவுகள், சங்கத் துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் அடையாள அட்டை கேட்காமல் யாரும் வந்து பார்க்க முடிய வேண்டும்.

நான்காவது, ஆட்கள். கள ஆய்வில் வழிகாட்டுகிறவருக்குக் கூலியும் நூலில் பெயரும் வேண்டும். மையத்தின் குழுவில் இடம்பெயர்க்கப்பட்ட ஊர்களின் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.

என்எல்சி நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் தருமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். நிலம் எடுக்கிறவர் பணத்தில் நடக்கும் மையம், நிலம் போனவரின் கணக்கைச் சரியாக எழுதாது. இது மக்கள் வரிப்பணத்தில் நடக்க வேண்டிய வேலை.

மக்களிடம் படித்துக் காட்டினால் ஆய்வின் தரம் குறையும் என்று பேராசிரியர்கள் சிலர் சொல்வார்கள். நடுவர்கள் இரண்டு பேர் படித்துத் திருத்தினால் தரம் கூடும், அந்த வயலில் ஐம்பது ஆண்டு நின்றவர் திருத்தினால் தரம் குறையுமா?

இந்த இரண்டையும்விட எனக்குப் பெரிய பயம் வேறு. நம் பகுதியில் வட்டார வரலாறு என்றால் ஆண்ட பரம்பரைக் கதையாக மாறிவிட அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு ஆதிக்கச் சாதிக்கும் ஒரு அரச வம்சம், ஒரு செப்பேடு, ஒரு சிலை என்று மையம் போய்விடும். அதனால்தான் அந்த நான்காவது விதியை விட்டுக்கொடுக்கவே கூடாது என்கிறேன். யார் மேசையில் உட்காருகிறார்கள் என்பதுதான் என்ன வரலாறு எழுதப்படும் என்பதை முடிவு செய்கிறது.

அரசு அமைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் ஆய்வு செய்கிற தோழர்கள் தங்கள் ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, போன ஊருக்கே எடுத்துப் போகலாம். கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள், வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் கைபேசியை வைத்து மூன்று கேள்வி கேட்கலாம். சுரங்கத்துக்கு முன் உங்கள் தெருவுக்கு என்ன பெயர்? யார் நிலத்தில் வேலை செய்தீர்கள்? எவ்வளவு கூலி? பதிவின் ஒரு பிரதியைக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்தால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. மூடிப்போன ஊர்களின் பெயர்ப் பட்டியலை அடுத்த கண்காட்சியில் ஓர் அரங்கில் வைக்கலாம். வருகிறவர்கள் விடுபட்ட சேரியின் பெயரைச் சொல்லட்டும். அங்கேயே எழுதிச் சேர்ப்போம்.